மெழுகில் பதிந்த குரல்

நுழையும்முன்

ஓவியன் மறைந்த பின்னும் அவன் ஓவியம் நிற்கும். சிற்பி மறைந்த பின்னும் கல் பேசும். பாடகனின் கலையோ பாடி முடித்த நொடியிலேயே காற்றில் கரைந்துவிடும். கேட்டவர் நினைவில் மட்டும் சிறிது காலம் தங்கி, அவரோடு மறையும். நெடுங்காலமாக இருந்துவந்த இந்நிலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறியது. அம்மாற்றத்தின் நடுவே நின்றவர் இத்தாலிய இசைநாடகப் பாடகர் என்ரிகோ கரூசோ. வறுமையில் பிறந்து, உலகப் புகழ் பெற்று, நாற்பத்தெட்டாம் அகவையில் மறைந்த அவரது வாழ்வையும் குரலையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நேப்பிள்ஸ் நகரச் சிறுவன்

இத்தாலியின் தென்பகுதியில், வெசூவியஸ் எரிமலையின் அருகே, கடலைப் பார்த்தபடி அமைந்துள்ளது நேப்பிள்ஸ் நகரம். அங்கு 1873ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் என்ரிகோ கரூசோ பிறந்தார். தந்தை மார்செல்லினோ இயந்திரப் பட்டறைத் தொழிலாளி, தாய் அன்னா. பெற்றோருக்குப் பிறந்த இருபத்தொரு பிள்ளைகளுள் அவர் பதினெட்டாமவர் என்னும் கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. பிறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்தோர், பிள்ளைகள் எழுவரே என்றும் கரூசோ அவர்களுள் மூன்றாமவர் என்றும் கண்டனர். புகழ்பெற்றோரின் வறுமையையும் ஊர் தன் விருப்பம்போல் பெருக்கிச் சொல்லிவிடுகிறது. உண்மையில் இருந்த வறுமையே போதுமான அளவு கொடியதாக இருந்தது.

மகனும் தம் தொழிலையே கற்க வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். எனவே பதினோராம் அகவையில், பொது இடங்களில் நீரூற்றுகளை அமைத்துத் தரும் ஒரு பொறியாளரிடம் கரூசோ வேலை பழகச் சேர்ந்தார். தாம் அக்காலத்தில் நிறுவ உதவிய நீரூற்று ஒன்றை, பின்னாளில் நேப்பிள்ஸ் செல்லும்போதெல்லாம் உடன் வருவோரிடம் அவர் மகிழ்ச்சியோடு சுட்டிக்காட்டுவது உண்டு. பகலில் பட்டறை, மாலையில் பாட்டு. தேவாலயப் பாடற்குழுவில் சிறுவனின் குரல் தனித்து ஒலித்தது. அக்குரலில் நம்பிக்கை வைத்து ஊக்கியவர் தாய். அவர் 1888இல் மறைந்தபோது கரூசோவுக்கு அகவை பதினைந்து. அதன்பின் தெருக்களிலும் உணவு விடுதிகளிலும் விருந்துகளிலும் பாடிக் கிடைத்த காசு குடும்பத்துக்கு உதவியது. தம் பதினெட்டாம் அகவையில், கடற்கரை ஊர் ஒன்றில் பாடிப் பெற்ற ஊதியத்தைக் கொண்டுதான் வாழ்வில் முதன்முதலாகப் புதிய காலணி வாங்கினார்.

முறையான இசைப்பயிற்சி, குலியெல்மோ வெர்ஜினே என்னும் ஆசிரியரிடம் தொடங்கியது. இளைஞனின் குரலை முதலில் கேட்ட வெர்ஜினே அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. எனினும் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்: ஐந்தாண்டுக் காலப் பாட்டு வருவாயில் நான்கில் ஒரு பங்கு ஆசிரியருக்கு உரியது. அதில் ஒரு சூழ்ச்சி மறைந்திருந்தது. ஐந்து ஆண்டுகள் என்பது நாட்காட்டிக் கணக்கன்று. கரூசோ மேடையில் பாடும் நாள்களை மட்டும் கூட்டி வரும் ஐந்து ஆண்டுகள். ஆண்டுக்கு ஐம்பது நாள் பாடுபவர் அக்கணக்கை முடிக்க முப்பது ஆண்டுகளுக்குமேல் ஆகும்! பின்னர் நீதிமன்றம் சென்றே அத்தளையிலிருந்து அவர் விடுபட நேர்ந்தது. இடையில் கட்டாயப் படைப்பணியும் குறுக்கிட்டது. அவருக்காகத் தம்பி ஜியோவன்னி படைப்பணியை ஏற்றுக்கொண்டதால், ஏறத்தாழ ஒன்றரை மாதத்திலேயே கரூசோ வீடு திரும்பினார். தம்பி அன்று அவ்வாறு முன்வராதிருந்தால் பயிற்சி அதோடு நின்றிருக்கக்கூடும்.

1895ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் நேப்பிள்ஸில் உள்ள நுவோவோ அரங்கில் முதன்முதலாக இசைநாடக மேடை ஏறினார். அடுத்த ஆண்டு விளம்பரத்துக்காக ஒரு புகைப்படம் தேவைப்பட்டது. அவரிடம் இருந்த ஒரே சட்டை அன்று துவைக்கப் போயிருந்தது. படுக்கை விரிப்பை எடுத்துப் பழங்கால உரோமானியர்போல் தோளில் போர்த்திக்கொண்டு அவர் நிற்கும் அப்படம் இன்றும் காணக் கிடைக்கிறது.

டெனர் என்னும் குரல்

கரூசோவின் அருமையை உணர, அவர் பாடிய கலைவடிவத்தைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். ஆபரா எனப்படும் இசைநாடகம் 1600ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் பிளாரன்சு நகரில் தோன்றியது. அதில் மாந்தர்கள் உரையாடுவதும் வாதிடுவதும் காதலிப்பதும் இறப்பதும் பாட்டாலேயே நிகழும். பாடகர் நடிகராகவும் இருத்தல் வேண்டும். மேடைக்கு முன்னே பல பத்து இசைக்கலைஞர்கள் ஒன்றாக இசைப்பர். அவ்வொலியைத் தாண்டிக் கடைசி வரிசை வரை பாடகரின் குரல் சென்று சேர வேண்டும். ஒலிபெருக்கி கிடையாது. இன்றும் மரபான இசைநாடக அரங்குகளில் அதுவே முறை.

இஃது எவ்வாறு இயலும்? பல இசைக்கருவிகள் சேர்ந்து ஒலிக்கும்போது அவ்வொலியின் வலிமை பெரும்பாலும் நொடிக்கு 500 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் திரண்டிருக்கும்; அதற்கு மேலே போகப் போகக் குறையும். நன்கு பயின்ற ஆண்குரலிலோ நொடிக்கு ஏறத்தாழ 3000 அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் தனிச்செறிவு ஒன்று உண்டாகிறது. மனிதச் செவி கூர்மையாகக் கேட்கும் பகுதியும் அதுவே. ஆகவே பாடகர் கருவிகளோடு வலிமையில் போட்டியிடுவதில்லை. அவை விட்டுவைத்த இடைவெளியின் வழியே தம் குரலைச் செலுத்துகிறார். இவ்வறிவியல் விளக்கம் கரூசோவின் காலத்துக்குப் பிந்தையது. அவர்கள் இதனைச் செவியாலும் பயிற்சியாலும் மட்டுமே கண்டடைந்தனர்.

ஆண்குரல்களை மேலை இசை மூன்றாகப் பகுக்கிறது. தாழ்ந்தது பாஸ், இடைப்பட்டது பாரிடோன், உயர்ந்தது டெனர். இசைநாடகங்களில் காதலனும் வீரனும் பெரும்பாலும் டெனர் குரலுக்கே எழுதப்பட்டுள்ளனர். கரூசோவின் குரல் டெனரே ஆயினும் அதன் அடிப்பகுதியில் பாரிடோனின் கனமும் நிறமும் இருந்தன. அதனால் தொடக்கத்தில் உச்ச சுரங்கள் அவருக்கு எளிதில் வசப்படவில்லை. பாட்டின் முகட்டில் குரல் உடைந்து போனதும் உண்டு. இசைநடத்துநர் வின்சென்சோ லொம்பார்தி அளித்த பயிற்சியால் அக்குறை நீங்கியது. பிறவியிலேயே முழுமையாக வாய்த்த குரல் என்று அவரைப் புகழ்வோர், அவர் பட்ட இவ்வுழைப்பை மறந்துவிடுகின்றனர்.

அவர் பிறந்த காலமும் அவருக்குத் துணைநின்றது. அரசர்களையும் தெய்வங்களையும் விட்டு, எளிய மாந்தரின் சினத்தையும் துயரையும் மேடையேற்றும் மெய்ம்மைப் போக்கு அப்போது இத்தாலிய இசைநாடகத்தில் வேகம் கொண்டிருந்தது. லியோன்கவல்லோ இயற்றி 1892இல் அரங்கேறிய ‘பல்யாச்சி’ அவ்வகையைச் சார்ந்தது. ஊர் ஊராகச் செல்லும் நாடகக்குழுவின் தலைவன் கானியோ, தன் மனைவி தன்னை வஞ்சித்ததை அறிந்த நிலையிலும் கோமாளி வேடம் பூண்டு மக்களைச் சிரிக்கவைக்க வேண்டியவனாகிறான். ஒப்பனை செய்துகொண்டே அவன் பாடும் பாட்டில் நுட்பமான சுரவரிசைகளைக் காட்டிலும் அடிவயிற்றிலிருந்து எழும் விம்மலே முதன்மையானது. கரூசோவின் கனத்த குரலுக்கு அஃது அளவெடுத்துத் தைத்ததுபோல் அமைந்தது.

சொந்த ஊரின் தீர்ப்பு

1900ஆம் ஆண்டு டிசம்பரில் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில், டோஸ்கானினி இசைநடத்த, புச்சினியின் ‘லா போயெம்’ நாடகத்தில் கரூசோ பாடினார். இத்தாலியின் முதன்மையான மேடை அது. அடுத்த சில வாரங்களில் டோனிசெட்டியின் ‘காதல் மருந்து’ என்னும் நகைச்சுவை இசைநாடகத்தில் நெமொரீனோ என்னும் வெள்ளந்தி நாட்டுப்புற இளைஞனாகத் தோன்றி அரங்கத்தையே தம் வயப்படுத்தினார்.

அவ்வெற்றியோடு 1901ஆம் ஆண்டு இறுதியில் தம் ஊருக்குப் பாடச் சென்றார். நேப்பிள்ஸின் சான் கார்லோ அரங்கு 1737இல் திறக்கப்பட்டது. லா ஸ்காலாவைவிடப் பழைமையானது. தெருவில் பாடித் திரிந்த பட்டறைச் சிறுவன் அம்மேடையில் நிற்பது எத்தகைய பேறு! ஆனால் அவ்வரங்கில் முன்வரிசை இரசிகர் குழுக்கள் சில இருந்தன. புதிய பாடகர்கள் அவர்களை முன்கூட்டியே கண்டு வணங்கி ஆதரவு தேடுவது வழக்கம். கரூசோ அதனைச் செய்யவில்லை. அதே ‘காதல் மருந்து’ அங்கு மேடையேறியபோது வரவேற்பு அரைகுறையாகவே அமைந்தது; நாளிதழ் விமரிசனமும் அவர் குரலைக் குறை கூறியது. உள்ளூர் மாடு விலைபோகாது என்பது நேப்பிள்ஸுக்கும் பொருந்தும் போலும். இனி இவ்வூரில் பாடுவதில்லை என்று கரூசோ முடிவு செய்தார். அடுத்த இருபது ஆண்டுகளில் பலமுறை நேப்பிள்ஸ் வந்தார், உறவினரைக் கண்டார், விரும்பிய உணவை உண்டார், ஒருமுறையேனும் அவ்வூர் மேடையில் பாடவில்லை.

விடுதி அறையில் ஒரு பிற்பகல்

1902ஆம் ஆண்டு வசந்த காலத்தில் பிரெட் கைஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் மிலானுக்கு வந்திருந்தார். இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கிராமபோன் நிறுவனத்தின் பணியாளர் அவர். அக்காலத்தில் இசைத்தட்டு ஒரு விளையாட்டுப் பொருளாகவே கருதப்பட்டது. பெரும் பாடகர்கள் அதனை மதிப்பதில்லை. லா ஸ்காலாவில் கரூசோவின் பாட்டைக் கேட்ட கைஸ்பெர்க் அவரை அணுகினார். பத்துப் பாடல்களுக்கு 100 பவுன் கேட்டார் கரூசோ. அத்தொகை மிக அதிகம், பதிவு செய்ய வேண்டா என்று இலண்டனிலிருந்து தந்தி வந்தது. கைஸ்பெர்க் அத்தந்தியைப் பொருட்படுத்தவில்லை. ஓர் ஊழியர் மேலிடத்து ஆணையை மீறியதால் நன்மை விளைந்த அரிய நிகழ்வுகளுள் இஃது ஒன்று. அத்தட்டுகள் அந்நிறுவனத்துக்குச் செலவினும் பன்மடங்கு வருவாயை ஈட்டித் தந்தன.

பதிவு நடந்த இடம் மிலானின் கிராண்ட் விடுதி. இசையமைப்பாளர் வெர்டி அதற்கு முந்தைய ஆண்டு உயிர்நீத்தது அவ்விடுதியில்தான். அறையின் நடுவே தகரக் கொம்பு ஒன்று தொங்கியது. பியானோவின் ஒலி கொம்பின் வாயை எட்டவேண்டும் என்பதற்காக அது பெட்டிகளின்மேல் ஏற்றி வைக்கப்பட்டது. கரூசோ வந்தார், கொம்பின் எதிரே நின்று, ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பாடல்களைப் பாடினார், ஊதியத்தைப் பெற்றுக்கொண்டு சென்றார். ஒரே பிற்பகலில் எல்லாம் முடிந்தது.

அக்கால ஒலிப்பதிவில் மின்சாரத்துக்கு இடமில்லை. பாடுபவரின் குரலலைகள் கொம்பின் வழியே குவிந்து, அதன் கடைக்கோடியில் உள்ள மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அவ்வதிர்வுகளை நெளிகோடுகளாகக் கீறும். அம்மெழுகிலிருந்து உலோக அச்சு வார்த்து, அதைக்கொண்டு தட்டுகளை அழுத்தி எடுப்பர். இடையில் பிழை நேர்ந்தால் வெட்டி ஒட்ட வழியில்லை. புதிய மெழுகில் முதலிலிருந்து பாட வேண்டும். ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிடங்களே அடங்கும் என்பதால் பாடல்களைச் சுருக்க நேர்ந்தது. உச்ச சுரத்தில் ஊசி துள்ளிவிடாமல் இருக்க, பாடகர் அவ்விடத்தில் சற்றுப் பின்வாங்கியோ முகத்தைத் திருப்பியோ பாடப் பழகிக்கொண்டார்.

இம்முறையில் மிகத் தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த நுண்ணொலிகளும் பதிவாவதில்லை. வயலின்கள் மெலிந்தன; பெண்குரல்கள் பல கீச்சொலியாயின. நடுவே எஞ்சிய குறுகிய பகுதியில் கரூசோவின் குரல் ஏறத்தாழ முழுமையாக அடங்கியது. அவர் குரலின் கனமும், சொற்களைத் தெளிவாக உச்சரிக்கும் இயல்பும் ஊசியின் இரைச்சலையும் மீறி ஒலித்தன. வீட்டுக்கூடத்தில் அமர்ந்து ஒரு பெரும் பாடகரைக் கேட்கலாம் என்ற எண்ணம் மக்களிடையே பரவக் காரணமானவை அத்தட்டுகளே. அவருடைய தட்டுகளைக் கேட்பதற்காகவே கிராமபோன் பெட்டி வாங்கியோரும் உண்டு. இதே கைஸ்பெர்க்தான் அவ்வாண்டு நவம்பரில் கல்கத்தாவுக்கு வந்து, இதே போன்ற கொம்பின் முன் இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜானை நிறுத்திப் பாடச்செய்தார். இந்தியாவின் தொடக்ககால இசைத்தட்டுகள் அவ்வாறு உருவாயின.

கரூசோவுக்குச் சற்று முன்னர் நியூயார்க்கில் கோலோச்சிய டெனர், போலந்து நாட்டவரான ழான் த ரெஸ்கே. அவரைக் கேட்டவர்கள் வியந்து எழுதிய குறிப்புகள் ஏராளம். ஆனால் மேடையின் பக்கத்திலிருந்து மெழுகு உருளைகளில் பிடிக்கப்பட்ட, இரைச்சலில் மூழ்கிய சில துணுக்குகளைத் தவிர அக்குரல் இன்று நமக்கு இல்லை. ஒரு தலைமுறை இடைவெளிகூட இல்லாத இருவருள் ஒருவர் சொல்லாக மட்டும் எஞ்சினார். மற்றவர் குரலாகவே எஞ்சினார்.

கடல் கடந்த புகழ்

1902இல் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கிலும், 1903ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அரங்கிலும் வெர்டியின் ‘ரிகொலெத்தோ’ நாடகத்தின் வழியே கரூசோ அறிமுகமானார். மெட்ரோபாலிட்டன் அரங்கே அவரது நிலையான இடமாயிற்று. அங்கும் அக்குழு சென்ற பிற ஊர்களிலும் அவர் பங்கேற்ற நிகழ்ச்சிகள் 860க்கும் மேற்பட்டவை. 1904 முதல் விக்டர் நிறுவனத்துக்குப் பாடத் தொடங்கினார். வாழ்நாளில் வெளியான அவரது பதிவுகள் ஏறத்தாழ 250.

1880ஆம் ஆண்டிலிருந்து நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவில் குடியேறினர். பெரும்பாலோர் தென்னித்தாலிய ஏழைகள், சுரங்கத்திலும் சாலைப்பணியிலும் உழைத்தவர்கள், ஏளனத்துக்கு ஆளானவர்கள். அவர்களின் மொழியில், அவர்களின் ஊர் நாவோடு பாடிய ஒருவரை நகரத்துச் செல்வர்கள் எழுந்து நின்று பாராட்டியது அவர்களுக்கு என்ன பொருளைத் தந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். நேப்பிள்ஸ் நாட்டுப் பாடல்களையும் கரூசோ தட்டுகளில் பாடினார். பிறந்த ஊர் மேடைக்கு மறுத்த குரலைப் பிறந்த ஊரின் பாட்டுக்கு அவர் மறுக்கவில்லை.

1906ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் இரவு சான் பிரான்சிஸ்கோவில் ‘கார்மென்’ நாடகத்தில் பாடிவிட்டு விடுதியில் உறங்கினார். விடியற்காலையில் நிலநடுக்கம் நகரை உலுக்கியது. தொடர்ந்து தீ மூண்டது. உயிர்தப்பிய கரூசோ அந்நகருக்கு மீண்டும் செல்லவே இல்லை. 1910ஆம் ஆண்டு சனவரியில் லீ டி பாரஸ்ட் என்பவர் மெட்ரோபாலிட்டன் மேடையிலிருந்து நிகழ்த்திய வானொலி ஒலிபரப்புச் சோதனையில் ஒலித்த குரல்களுள் கரூசோவினுடையதும் ஒன்று. 1918இல் திரைப்படத்திலும் நடித்தார். அது பேசாப்பட காலம். உலகம் போற்றிய பாடகர் வாயசைக்க, ஒலியின்றி ஓடிய ‘என் மைத்துனன்’ என்னும் அப்படம் தோல்வியடைந்ததில் வியப்பில்லை.

மேடைக்கு வெளியே அவர் ஓவியத்திலும் தேர்ந்தவர். எதிரில் இருப்பவரைச் சில கோடுகளில் கேலிச்சித்திரமாக வரைந்துவிடுவார். நியூயார்க்கில் வெளிவந்த இத்தாலிய வார இதழில் அவை தொடர்ந்து அச்சாயின. உடன் பாடுவோரிடம் அவர் காட்டிய அன்புக்கு 1913இல் பிலடெல்பியாவில் நடந்த நிகழ்வு சான்று. ‘லா போயெம்’ நாடகத்தில் பாஸ் குரல் பாடகர் செகுரோலாவுக்குக் குரல் கட்டிக்கொண்டது. இறுதிக் காட்சியில் அவர் பாட வேண்டிய பாட்டை, அவையோருக்கு முதுகு காட்டி நின்றபடி, பாஸ் குரலிலேயே கரூசோ பாடி முடித்தார். அவையோர் பலர் வேறுபாட்டை உணரவில்லை. பின்னர் அப்பாட்டை ஒரு தட்டிலும் பதிவு செய்தார்.

இறுதி மேடைகள்

இத்தனை புகழுக்கும் ஒரு விலை இருந்தது. ஒவ்வொரு முறையும் மேடையேறுமுன் அச்சத்தால் நடுங்குவார். தம்மைக் காண வருவோர் நேற்றைய கரூசோவை எதிர்பார்த்து வருகின்றனர் என்ற எண்ணம் அவரை வாட்டியது. மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஒரு நிகழ்ச்சிக்கு 2,500 டாலருக்கு மேல் பெற அவர் இணங்கவில்லை என்று அவ்வரங்கின் மேலாளர் காட்டி-கசாசா குறிப்பிட்டுள்ளார். அதிகம் வாங்கினால் அதிகம் எதிர்பார்ப்பர் என்பதே அவர் அச்சம். நாள்தோறும் ஓயாது புகைபிடிக்கும் பழக்கமும் அவரிடம் இருந்தது. குரலே செல்வமாகக் கொண்ட ஒருவர் அக்குரலுக்கே தீங்கிழைத்தது வருந்தத்தக்கது.

1920ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில், ‘சாம்சனும் தெலீலாவும்’ நாடகம் நடந்தபோது மேடைத் தூண் ஒன்று சரிந்து அவர் முதுகில் பட்டது. சில நாள்களில் விலாவில் கடும் வலி கண்டது. டிசம்பர் 11ஆம் நாள் புரூக்ளினில் ‘காதல் மருந்து’ நடைபெற்றது. நேப்பிள்ஸில் அவரைக் காயப்படுத்திய அதே நாடகம். பாடிக்கொண்டிருக்கையில் வாயிலிருந்து குருதி கசிந்தது. உடன் நடித்தோர் கைக்குட்டைகளையும் துண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நீட்ட, அவற்றில் துடைத்துக்கொண்டே முதற்காட்சி முழுவதையும் பாடினார். சிரித்து மகிழவேண்டிய அவை உறைந்து அமர்ந்திருந்தது. இடைவேளையில் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.

அப்போதேனும் ஓய்வு கொண்டிருக்கலாம். மருத்துவரும் நோயைச் சரியாகக் கணிக்கவில்லை. இவரும் மேடையை விடவில்லை. டிசம்பர் 24ஆம் நாள் இரவு மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஹலேவியின் ‘யூதப்பெண்’ நாடகத்தில் முதிய தந்தை எலியசாராகத் தோன்றினார். அதுவே இறுதி. மறுநாள் கிறித்துமசு அன்று வலியால் அலறினார். நுரையீரலைச் சூழ்ந்த உறையில் சீழ் கட்டியிருந்தது. பெனிசிலின் கண்டறியப்பட்டது 1928இல். அன்று அறுவைக் கத்தியைத் தவிர மருத்துவரிடம் வேறு கருவியில்லை. பலமுறை அறுவை மருத்துவம் செய்யப்பட்டது.

சற்றுத் தேறியதும் 1921 மே மாத இறுதியில் மனைவி தொரத்தியோடும் கைக்குழந்தை குளோரியாவோடும் கப்பலேறி இத்தாலி திரும்பினார். சொரெண்டோ கடற்கரையில் தங்கினார். நோய் மீண்டும் முற்றியது. உரோமுக்கு அழைத்துச் செல்லும் வழியில் நேப்பிள்ஸில் தங்கநேர்ந்தது. 1921ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் காலை, விரிகுடாவைப் பார்த்த வெசூவியோ விடுதியில் அவர் உயிர் பிரிந்தது. அகவை நாற்பத்தெட்டு. இறுதிச் சடங்குக்காக அரசர் தம் குடும்பத்துக்குரிய சான் பிரான்செஸ்கோ தி பாவோலா தேவாலயத்தைத் திறந்துவிடச் செய்தார். இருபது ஆண்டுகளாகத் தம் பாட்டைக் கேட்காத ஊர்மக்கள், தெருக்களில் திரண்டு நின்றனர்.

கரூசோ மறைந்த நான்கு ஆண்டுகளில், 1925இல், ஒலிவாங்கியைக் கொண்டு மின்முறையில் ஒலிப்பதிவு செய்யும் வழக்கம் வந்தது. அவர் குரல் அதற்குத் தப்பிவிட்டது. ஆயினும் அறிவியலார் அதனை விடவில்லை. பழைய தட்டுகளில் கேட்பது பாடகரின் குரல் மட்டுமன்று. அக்குரலோடு கலந்த தகரக் கொம்பின் அதிர்வும் ஆகும். அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தாமஸ் ஸ்டாக்காம் கணினியைக் கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க முயன்றார். அதே பாடலைப் பிற்காலத்தில் நல்ல கருவிகளால் பதிவு செய்த வேறொரு டெனரின் தட்டோடு ஒப்பிட்டு, கொம்பு எந்தெந்த ஒலிகளை மிகுவித்தது, எவற்றைக் குறைத்தது எனக் கணித்து நீக்கினார். அவ்வாறு தெளிவாக்கப்பட்ட கரூசோவின் பாடல்கள் 1976இல் இசைத்தட்டாக வெளிவந்தன.